கைமாறி வாழ்ந்த நூல்கள்: க.நா.சு.வின் வாழ்வும் பணியும்

சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு அச்சுத்தொழில் புதிதன்று. நாட்காட்டிகளும் தீப்பெட்டி லேபிள்களும் பட்டாசுப் பெட்டிகளின் வண்ணத் தாள்களும் இலட்சக்கணக்கில் அச்சாகி வெளியூர்களுக்குச் செல்வதை அவர்கள் நாளும் காண்கின்றனர். நாரணாபுரத்தைப் போன்ற ஊரில் நின்று பார்க்கும்போது, ஆயிரம் படிகள் மட்டுமே அச்சிடப்பெற்று, அவையும் விற்று முடியப் பல ஆண்டுகள் ஆகின்ற தமிழ் இலக்கிய நூல் ஒரு விந்தையாகவே தோன்றும். ஆயினும் நாட்காட்டியின் ஆயுள் ஓராண்டு. நல்ல நாவலின் ஆயுளோ அதனை வாங்கியவரின் ஆயுளையும் கடந்து செல்கிறது. ஒருவர் வாங்குகிறார், படித்து முடித்ததும் தனியே வைத்திருக்க மனமின்றி நண்பர் ஒருவரிடம் தருகிறார், நண்பர் அதனைத் தம் நண்பரிடம் சேர்க்கிறார். அட்டை கிழிந்து, முதுகில் தாள் ஒட்டப்பெற்று, ஓரங்களில் பலருடைய கோடுகளைத் தாங்கி அந்நூல் ஊர் ஊராகப் போகிறது. அதனை முன்னிட்டு இரவு நெடுநேரம் பேச்சு நடக்கிறது. தமிழில் தத்துவ நாடகமாக அமைந்த நாவல்கள் பெரும்பாலும் இவ்வழியாகவே உயிர் பிழைத்து வந்திருக்கின்றன.

இந்தக் கைமாற்றத்தைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றுக்கொண்டவர் க.நா.சு. என்று வாசகர் அனைவரும் அறிந்த க.நா. சுப்ரமண்யம். நாவலாசிரியர், கவிஞர், மொழிபெயர்ப்பாளர், திறனாய்வாளர், பத்திரிகையாசிரியர் என்று அவரைப் பலவாறு அறிமுகப்படுத்துவதுண்டு. அவை அனைத்தும் உண்மையே. ஆயினும் தாம் படித்த நல்ல நூலைப் பிறரும் படிக்கவேண்டும் என்று ஓயாது துடித்த வாசகர் என்பதே அவருக்கு எல்லாவற்றிலும் பொருந்தும் அறிமுகமாகும்.

பிறப்பும் இளமையும்

கந்தாடை நாராயணசாமி சுப்ரமண்யம் 1912ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள், அந்நாளைய தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் பிறந்தார். சுவாமிமலையும் கும்பகோணமும் அவர் வாழ்வோடு பின்னிப் பிணைந்த ஊர்கள். தந்தையார் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். நூல்களில் ஈடுபாடு மிக்கவர். தம் மகன் ஆங்கிலத்தில் எழுதி உலகப் புகழ் பெறவேண்டும் என்பது அவருடைய பேராசை. அக்காலத்துத் தந்தையர் தம் மக்கள் அரசுப் பணியில் அமர்வதையே பெரும்பேறாகக் கருதினர். எழுத்தாளனாக ஆகவேண்டும் என்று மகனைத் தூண்டிய தந்தை அரிதாகவே வாய்ப்பார். அந்த வகையில் க.நா.சு. கொடுத்துவைத்தவர்.

கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர், தந்தையின் விருப்பப்படி முதலில் ஆங்கிலத்திலேயே எழுதினார். ஐரோப்பிய இலக்கியங்களை ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வாயிலாக இடைவிடாது பயின்றார். 1933இல் தோன்றிய 'மணிக்கொடி' அவர் கைக்குக் கிடைத்தது ஒரு திருப்பம். புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி முதலியோர் தமிழில் நிகழ்த்திக்கொண்டிருந்ததைக் கண்டபின், தாம் செய்யவேண்டிய காரியம் தமிழிலேயே இருக்கிறது என்று அவர் உணர்ந்தார். ஆங்கிலத்தை அவர் ஒருபோதும் கைவிட்டாரில்லை. எனினும் உள்ளத்தின் முதலிடம் தமிழுக்கு ஆயிற்று. தந்தையின் கனவு பாதி நிறைவேறியது. பாதி வேறு வழியில் திரும்பியது.

எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்வது என்று அவர் முடிவு செய்தார். நிலையான வருமானம் தரும் பணியை நாடவில்லை. இம்முடிவின் விலையை அவரும் குடும்பத்தாரும் நெடுங்காலம் கொடுத்துவந்தனர். 1939இல் 'சூறாவளி' என்னும் இதழை நடத்தினார், அது நீடிக்கவில்லை. நாற்பதுகளின் நடுவில் 'சந்திரோதயம்' வந்தது; அதுவும் நின்றது. 1963இல் 'இலக்கிய வட்டம்' தொடங்கினார். ஏறத்தாழ இரண்டாண்டுகளில் அதுவும் முடிவுற்றது. மூன்று முறை இதழ் தொடங்கி மூன்று முறையும் இழப்பையே கண்டவர், ஒவ்வொரு முறையும் அதற்கு முன் தமிழர் அறிந்திராத சில படைப்பாளிகளையேனும் அறிமுகம் செய்துவிட்டே ஓய்ந்தார்.

பொய்த்தேவு

1946இல் வெளிவந்த 'பொய்த்தேவு' க.நா.சு.வின் நாவல்களுள் தலையாயது. மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து எடுத்தாளப்பட்ட சொல்லே தலைப்பாயிற்று. காவிரிக் கரையில் சாத்தனூர் என்னும் கற்பனைக் கிராமம். அங்கே மேட்டுத்தெருவில் எளிய குடியில் பிறந்த சோமு என்னும் சிறுவன். அவன் சோமுப் பயலாகத் திரிந்து, சோமு முதலியாராகச் செல்வம் ஈட்டி, இறுதியில் அனைத்தும் நீங்கிச் சோமுப் பண்டாரமாக மடிகிறான். கதைச் சுருக்கம் இவ்வளவே. ஆயினும் நாவல் எழுப்பும் வினா மிகப் பெரிது. மனிதன் ஒவ்வொரு பருவத்திலும் ஏதேனும் ஒன்றைத் தெய்வமாகக் கொள்கிறான். சிறுவயதில் கேட்ட கோயில் மணியோசை ஒரு தெய்வம். பின்னர்ப் பணம் ஒரு தெய்வம். பின்னர்க் காமமும் பெயரும் ஊராரின் மதிப்பும் தெய்வங்கள். ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் மெய்த்தெய்வமாகத் தோன்றிப் பின்பு பொய்யாகிறது. அவ்வாறாயின் மெய்த்தெய்வம் எது? பொய்த்தெய்வங்கள் அனைத்தையும் கடந்தே அதனை அடைய இயலுமா? அன்றி அவற்றுள்ளேயே அது மறைந்திருந்ததா?

இவ்வினாக்களுக்கு ஆசிரியர் விடை கூறாமல் விட்டமையே நாவலின் சிறப்பு. படித்து முடித்தவர் தமக்குள் வைத்துக்கொள்ள இயலாமல் மற்றொருவரைத் தேடிச் சென்று வாதிடவேண்டியவராகிறார். சோமுவின் துறவு தோற்றவனின் துறவா, கண்டறிந்தவனின் துறவா என்பது இன்றளவும் முடிவுறாத வாதம். வணிகத்தில் வளர்ந்து வணிகத்தில் நொடித்தவர்களை நேரில் கண்டு பழகிய வாசகருக்கு இந்த வாதம் நூலோடு முடிந்துவிடும் ஒன்றன்று.

'ஒருநாள்', 'சர்மாவின் உயில்', 'வாழ்ந்தவர் கெட்டால்', 'அசுரகணம்' முதலிய நாவல்களையும் அவர் எழுதினார். 'ஒருநாள்' நாவலில் போர்க்களங்களையும் உலக நாடுகளையும் கண்டு திரும்பிய மேஜர் மூர்த்தி, அதே சாத்தனூரில் கழிக்கும் ஒரே நாளில் தன் வாழ்வின் பொருளைத் தேடுகிறான். நிகழ்ச்சிகளை அடுக்கி விறுவிறுப்பூட்டும் தொடர்கதைகளே நாவல் என்று வாசகர் பழகியிருந்த காலத்தில் இவை வெளிவந்தன. எனவே பெரும் விற்பனையைக் காணவில்லை. அவர் எழுதியவற்றுள் அச்சேறாமலே நின்றுவிட்டவையும் உண்டு.

படித்துச் சொல்லும் பணி

தம் நூல் விற்கவில்லை என்பதற்காக மனம் நொந்து ஒதுங்கியிருந்தால் அவர் மணிக்கொடிக் காலத்து எழுத்தாளருள் ஒருவராக மட்டும் நின்றிருப்பார். அவரோ குறை எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தார். நல்ல நூல் எழுதப்பட்டால் மட்டும் போதாது. அதனைப் படிக்கத் தெரிந்த சிலர் வேண்டும். அச்சிலர் ஒருவரையொருவர் அறிந்திருக்கவும் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இலட்சம் வாசகரைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. கூர்ந்து படிக்கும் சில நூறு பேர் ஒரு மொழியின் இலக்கியத்தைக் காப்பாற்றிவிடுவர் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

இந்நம்பிக்கையிலிருந்தே அவருடைய திறனாய்வுப் பணி பிறந்தது. 'படித்திருக்கிறீர்களா?' என்னும் தலைப்பே அவருடைய முறையைக் காட்டிவிடும். அது ஆசிரியர் மாணவரை நோக்கிக் கேட்கும் கேள்வியன்று. திண்ணையில் அமர்ந்த நண்பர் அருகிலிருக்கும் நண்பரைக் கேட்கும் கேள்வி. ஒரு நூலை எடுத்துக்கொள்வார். அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று சில பக்கங்களில் சொல்வார். மற்றதை நீங்களே படித்து அறியுங்கள் என்னும் பாவனையில் விலகிக்கொள்வார். 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' என்னும் நூலில், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', பி.ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்', அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' முதலியவற்றைப் புதிய தலைமுறையின் கையில் கொண்டுவந்து சேர்த்தார். 26 வயதில் மறைந்த ராஜமையர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே குடும்பக் கதையினூடாக வேதாந்த விசாரம் செய்திருப்பதைச் சுட்டிக்காட்டியதன் வாயிலாக, தத்துவ நோக்குடைய நாவல் தமிழுக்கு அயலிலிருந்து வந்த புதுச்சரக்கு அன்று என்பதையும் நிலைநாட்டினார். 'உலகத்துச் சிறந்த நாவல்கள்' என்ற நூலோ, ஆங்கிலம் அறியாத சிற்றூர் வாசகருக்கும் உலக இலக்கியத்தின் வாயிலைத் திறந்துவிட்டது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', மௌனியின் சிறுகதைகள் ஆகியவை இன்று பெற்றிருக்கும் மதிப்பிற்கு அவர் இடைவிடாது எடுத்துரைத்ததும் ஒரு காரணமாகும். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலை அவரே ஆங்கிலத்தில் பெயர்த்துத் தமிழ்நாட்டிற்கு அப்பாலும் கொண்டுசென்றார்.

அன்பு வழி

அவருடைய கைமாற்றப் பணியின் உச்சம் மொழிபெயர்ப்பே எனலாம். நார்வே நாட்டு நட் ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்றும், ஸ்வீடன் நாட்டு செல்மா லாகர்லெவின் நாவலை 'மதகுரு' என்றும், ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலை 'விலங்குப் பண்ணை' என்றும் தமிழாக்கினார். பெருவழியில் செல்லும் ஆங்கில, பிரெஞ்சு நாவல்களோடு நில்லாமல், ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து நூல்களைத் தேர்ந்தெடுத்தது அவருடைய தனித்தன்மை. அவ்வரிசையில் தமிழ் எழுத்தாளர் பலருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்த நூல் 'அன்பு வழி'.

இதன் மூலம் ஸ்வீடிய எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்ட் 1950இல் வெளியிட்ட 'பரபாஸ்'. மறு ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இயேசுவுக்குப் பதிலாக விடுதலை செய்யப்பட்ட கொள்ளைக்காரன் பரபாஸ் அதன் பின்னர் என்ன ஆனான் என்பதை விவிலியம் கூறவில்லை. அந்த மௌனத்திலிருந்து நாவல் தொடங்குகிறது. தனக்குப் பதிலாகச் சிலுவையில் ஒருவர் மடிவதை அவன் நின்று பார்க்கிறான். அன்று முதல் அவனால் அந்த மனிதரை மறக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. பின்னாளில் சுரங்கத்தில் அடிமையாகிறான். சஹாக் என்னும் மற்றோர் அடிமையோடு ஒரே சங்கிலியில் பிணைக்கப்படுகிறான். சஹாக் தன் அடிமைப் பட்டயத்தின் மறுபுறத்தில் இயேசுவின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். பரபாஸும் அவ்வாறே பொறித்துக்கொள்கிறான். ஆளுநன் விசாரிக்கும்போது சஹாக் தன் நம்பிக்கையை மறுக்காமல் உயிர் துறக்கிறான். பரபாஸோ தனக்குக் கடவுள் இல்லை என்று கூறிப் பிழைக்கிறான். அவனுடைய பட்டயத்தில் இருந்த பெயர் கீறி அழிக்கப்படுகிறது. இறுதியில் அவனும் சிலுவையிலேயே மடிகிறான். சாகும் கணத்தில் அவன் தன்னை ஒப்படைத்தது கடவுளிடமா, வெறும் இருளிடமா என்பதை ஆசிரியர் சொல்லாமலே விட்டுவிட்டார்.

மிகச் சிறிய நூல். ஓரிரு நாட்களில் படித்துவிடலாம். ஆதலின் கைமாறுவதற்கும் எளிது. நம்பிக்கையுடையவர் ஒரு பொருள் காண்பர். நம்பிக்கையற்றவர் மற்றொரு பொருள் காண்பர். இருவரும் தத்தம் கட்சிக்கு இந்நூலையே சான்றாகக் காட்ட இயலும். க.நா.சு. சூட்டிய தலைப்பும் வாதத்திற்கு இடமளிப்பது. மூலத்தின் தலைப்பு ஒரு மனிதனின் பெயர் மட்டுமே. 'அன்பு வழி' என்னும்போதோ, பரபாஸ் செவியால் கேட்டும் உள்ளத்தால் பற்ற இயலாத அந்தப் போதனை முன்னால் வந்து நிற்கிறது. மூலம் மறைத்ததை மொழிபெயர்ப்பாளர் வெளிப்படுத்திவிட்டாரா, அல்லது அவ்வழியில் நடக்க இயலாதவனின் துயரத்தைக் கூர்மையாக்கினாரா என்பது சிந்தனைக்குரியது. பரபாஸ் என்னும் பெயரைக் கேட்டறியாத தமிழ் வாசகரும் கையில் எடுக்கத்தக்க நூலாக அதனை ஆக்கியது அத்தலைப்பே என்பதில் ஐயமில்லை.

இந்நூலால் ஆட்கொள்ளப்பட்ட தமிழ் எழுத்தாளர் பலர். 'கடல்புரத்தில்' நாவலை எழுதிய வண்ணநிலவன் அவருள் குறிப்பிடத்தக்கவர். தென்பாண்டிக் கடற்கரை மக்களின் வாழ்வை மன்னிப்பும் பரிவும் ததும்பச் சொன்ன அந்நாவலைப் படிப்போர், வடகோடி ஸ்வீடனில் மூண்ட சுடர் ஒன்று கைமாறிக் கைமாறித் திருநெல்வேலிச் சீமைவரை வந்ததை உணரலாம். விற்பனைக் கணக்குகள் இத்தகைய பயணத்தை ஒருநாளும் காட்டமாட்டா.

வாதங்களும் வசைகளும்

க.நா.சு.வின் வாழ்வில் புகழைக் காட்டிலும் பகையே மிகுதி. கல்கி முதலிய பெரும் புகழ் பெற்ற எழுத்தாளரைச் சுவை கருதும் எழுத்தாளர் என்று மட்டுமே மதித்து, இலக்கிய வரிசையில் வைக்க மறுத்தார். இலட்சக்கணக்கான வாசகரின் அன்புக்குரியவரை இவ்வாறு ஒதுக்கியது பெருஞ்சினத்தை விளைத்தது. சிறந்த எழுத்தாளர் என்று அவர் அவ்வப்போது வெளியிட்ட பட்டியல்கள் கேலிக்கு உள்ளாயின. நண்பரும் 'எழுத்து' இதழின் ஆசிரியருமான சி.சு. செல்லப்பா, படைப்பைப் பகுத்து அலசிக் காட்டாமல் சுவையுணர்வை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுவது திறனாய்வாகாது என்று கருதினார். ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி முதலிய மார்க்சியத் திறனாய்வாளர்கள், சமூகப் பார்வையற்ற தூய கலைவாதம் என்று அவருடைய கொள்கையைக் கடுமையாக மறுத்தனர்.

இம்மறுப்புகளில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. காரணம் காட்டாத பட்டியல் சில வேளைகளில் கட்டளை போல ஒலித்தது உண்மையே. அவர் ஒதுக்கியவருள் மறுவாசிப்புக்கு உரியோரும் இருந்தனர். ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். அவருடைய பட்டியல் தீர்ப்பாக எழுதப்பட்டதைக் காட்டிலும் நண்பருக்குக் குறித்துக் கொடுக்கும் சீட்டாகவே எழுதப்பட்டது. அச்சீட்டை வைத்துக்கொண்டு நூலகந்தோறும் அலைந்து நூல்களைத் தேடிய இளைஞர்கள், பின்னர் அவரோடு மாறுபடவும் கற்றுக்கொண்டனர். செல்லப்பாவும் தாம் வெளியிட்ட நூல்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். கொள்கையில் முரண்பட்ட அவ்விருவரும், நல்ல நூலை வாசகரின் கையில் தாமே கொண்டுசேர்க்கவேண்டும் என்ற ஒன்றில் உடன்பிறந்தோர் போல நின்றனர்.

தில்லியும் திரும்பலும்

அறுபதுகளின் நடுவில் க.நா.சு. தில்லிக்குக் குடிபெயர்ந்தார். ஏறத்தாழ இருபதாண்டுகள் அங்கிருந்து ஆங்கில இதழ்களில் எழுதி வாழ்ந்தார். தமிழ் இலக்கியம் குறித்துப் பிறமொழியாளர் அறிய அக்கட்டுரைகள் துணைபுரிந்தன. சிலப்பதிகாரத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். 'மயன்' என்னும் பெயரில் அவர் எழுதிய புதுக்கவிதைகளும் பலரால் படிக்கப்பெற்றன. தந்தை விரும்பிய ஆங்கில எழுத்து, பிழைப்புக்கு உற்ற துணையாக முதிய பருவத்தில் அவரிடம் திரும்பி வந்ததை விதியின் விளையாட்டு என்றே கொள்ளலாம்.

எண்பதுகளின் நடுவில் அவர் சென்னைக்கு மீண்டார். அப்போது புதிய தலைமுறை அவரைத் தேடி வந்தது. ஒதுக்கப்பட்டவர் என்று அவரைக் கருதியிருந்தோர், சிற்றிதழ்களை நடத்தும் இளைஞர்கள் அவருடைய சொற்களைக் கேட்க விழைவதைக் கண்டு வியந்தனர். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி தம் நண்பர்களோடு வளர்த்துவந்த இலக்கிய உரையாடல் மரபிலும் க.நா.சு.வின் செல்வாக்கு ஆழமாக ஊடுருவியிருந்தது. சுந்தர ராமசாமி பின்னாளில் 'நினைவோடை' வரிசையில் அவரைக் குறித்த நினைவுகளைத் தனி நூலாகவே தந்தார்.

1986ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்ற திறனாய்வு நூலுக்காக அவருக்கு வழங்கப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு முன் 'பொய்த்தேவு' எழுதியவருக்கு அந்த நாவலுக்காக விருது வரவில்லை. பிறருடைய நாவல்களைப் படிக்கச் சொன்ன பணிக்காகவே அது வந்தது. நாவலாசிரியராக நிலைபெற விரும்பியவருக்கு இது முழு மகிழ்ச்சியைத் தந்திருக்குமா என்பது ஐயமே. எனினும் அவருடைய வாழ்வின் பொருளை அத்தலைப்பு பிழையின்றிச் சொல்லிவிட்டது. 1988 டிசம்பர் 18ஆம் நாள் தில்லியில் அவர் காலமானார்.

எஞ்சி நிற்பது

சோமு முதலியார் ஒவ்வொரு தெய்வமாகக் கைவிட்டு நடந்தார். அவரைப் படைத்தவரோ இலக்கியம் என்னும் ஒரே தெய்வத்தை இறுதிவரை கைவிடவில்லை. அதுவும் பொய்த்தேவாக முடிந்திருக்கக்கூடும் என்ற அச்சம் அவருக்கு எழுந்திராமல் இருந்திருக்க முடியாது. இதழ்கள் நின்றன, பணம் கரைந்தது, நாவல்கள் பலவும் முதற்பதிப்போடு நெடுங்காலம் நின்றன. அந்த அச்சத்திற்கு விடையளித்தவர்கள் அவருடைய வாசகர்களே. இன்று அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. 'பொய்த்தேவு' மறுபதிப்புகள் கண்டிருக்கிறது. 'அன்பு வழி'யைத் தேடிப் படிப்போர் இன்றும் இருக்கின்றனர்.

பத்துப்பேர் கூடிப் படிக்கும் சிற்றூர் வட்டங்களுக்கு க.நா.சு.வின் வாழ்வு ஒரு துணிவைத் தருகிறது. பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் வேலை முடித்து வந்தவர், கடையை அடைத்துவிட்டு வந்தவர், பள்ளியில் கற்பித்துவிட்டு வந்தவர் என அத்தகைய வட்டத்தில் பலரும் அமர்வர். நடுவில் ஒரு பழைய நாவல் இருக்கும். சோமு வென்றவனா, பரபாஸ் இருளிடம் என்ன கூறினான் என்று பேச்சு நீளும். முடிவு காணாமலே கூட்டம் கலையும். கலையும்போது அந்நூல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் செல்லும். தமிழில் நல்ல நாவல் வாழ்வதற்கு க.நா.சு. கண்ட வழி இதுவே. அவ்வழியில் நூல் ஒன்றை அடுத்தவர் கையில் சேர்ப்போர் அனைவரும் அவர் பணியைத் தொடர்வோரே ஆவர்.